வாங்கில் தட்டிய விரல்

"அசனா" என்று கூப்பிடும்போதே சித்தி பரீதா என்ற தாயின் விரல், இருவரும் இருக்கும் வாங்குப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டிவிடும். வாங்கின் மறு முனையில் இருக்கும் மகள் உடனே திரும்புவாள். மூதூரில் இடியப்பம் அவித்து விற்கும் தாய்க்கு அந்தத் தட்டு மூச்சு விடுவதுபோல. தட்டுகிறோம் என்ற நினைப்பே இருக்காது.

திருகோணமலைக்குப் போக லாஞ்சில் ஏறினால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வாள். "கடல்ல விழுந்தா நான் நீந்திருவன், செருப்பு நீந்துமா?" மகளிடம் யாராவது பெயர் கேட்டால் இவளே சொல்வாள். வயதையும் இவளே சொல்வாள், பசியையும். ஏழு வயதாகியும் அசனாவுக்குப் பேச்சு வரவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிடிவாதக்காரி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எழுபத்தாறாம் ஆண்டில், காது கேளாத பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்யக் கமலேஸ்வரி டீச்சர் திருகோணமலைக்கு வந்தார். தாயும் மகளும் ஒரே வாங்கில் இருந்தார்கள். டீச்சர் பின்னால் நின்று மணியடித்தார்; அசனா திரும்பினாள். மேளம் தட்டினார், அதற்கும் திரும்பினாள்.

"பிள்ளைக்குக் காது கேக்குதே அம்மா. எங்கட பள்ளிக்கூடத்தில எடுக்க ஏலாது."

சித்தி பரீதாவின் முகம் முதலில் மலர்ந்தது. ஊர்ப் பள்ளிக்கூடமும் இல்லை, இதுவும் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. குனிந்து தன் கையைப் பார்த்தாள். விரல் இன்னும் பலகையில்தான் இருந்தது.

"டீச்சர், அவ திரும்பினது மணிக்கில்ல. நான் தட்டிட்டன் போல, பலகை அதிர்ந்திருக்கும். இன்னொருக்காப் பாருங்க. நான் எழும்பி அங்கால நிக்கிறன்."

வெளியில் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். டீச்சர் முகம் சுளிக்கவில்லை.

"உங்களையெல்லோ இவ்வளவு நேரமும் சோதிச்சிருக்கிறன்" என்று சிரித்தபடி மணியை எடுத்துப் பலமாக அடித்தார். அசனா யன்னலில் இருந்த காகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தது மேளம். காகம் வெருண்டு பறந்தது. அது ஏன் பறந்தது என்று விளங்காமல் பிள்ளை வெறும் யன்னலைப் பார்த்தாள்.

"தை மாசம் கொண்டுவந்து விடுங்கோ" என்றார் டீச்சர். "இடம் இருக்கு."

துறைமுகப் பக்கம் மூதூர் லாஞ்சு புறப்பட ஊதியது. மேசையில் டீச்சரின் தேத்தண்ணி குடிக்கப்படாமல் ஆடை கட்டிக் கிடந்தது. சித்தி பரீதா மகளைத் தூக்கி டீச்சருக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினாள். ஆறிய கோப்பையை எடுத்துக்கொண்டு, டீச்சருக்குச் சூடாக ஒன்று வாங்கிவர, திரும்பிப் பாராமல், சந்தித் தேத்தண்ணிக் கடைக்கு நடந்தாள்.