சித்தப்பா போட்ட கறுப்புக் காயின்

போன மாதம் எங்கள் தண்டையார்பேட்டை கேரம் கிளப்பில் ஒரு துக்கம் நடந்தது. யாரும் சாகவில்லை. என் சித்தப்பா ரெட் போட்டார், அவ்வளவுதான்.

கேரம் ஆடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ரெட்டை, அதாவது நடுவில் இருக்கும் சிவப்புக் காயினை, குழியில் போட்டால் மட்டும் போதாது. அடுத்து நம் காயின் ஒன்றையும் போட்டு ‘ஃபாலோ’ காட்ட வேண்டும். சித்தப்பா அன்று ஆடியது வெள்ளை. ஃபாலோவாக அவர் போட்டது, அதுவும் அபாரமான கட் ஷாட்டில்... எதிராளியின் கறுப்பு!

சித்தப்பாவோ பெருமையாக நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

“இன்னாடா, அல்லாரும் எழவு வூட்ல குந்திகினு கீற மாதிரி கீறீங்க? ரெட்டும் போட்டு ஃபாலோவும் போட்டுக்கீறேன்... கை தட்டுங்கடா!”

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். எழுபதைத் தாண்டியும் எங்கள் தெருவில் அவரை ஜெயிக்க ஆளில்லை. அப்படிப்பட்டவர் என் பக்கம் திரும்பி, “அண்ணே, நீயாவது சொல்லு” என்றார். அவருடைய அண்ணன் என் அப்பா. அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. உண்மையாகவே பயந்துவிட்டேன்.

வீட்டிலும் சில வாரங்களாக இதே கதையாம். தண்டையார்பேட்டையில் இறங்க வேண்டியவர் மெட்ரோவில் விம்கோ நகர் வரை போய் நின்றுகொண்டு, “நம்ம வூடு எங்க கீது?” என்று செக்யூரிட்டியைக் கேட்டிருக்கிறார். சித்தி ஒரே அழுகை. மகன் பாபு தீர்ப்பே சொல்லிவிட்டான்.

“மறதி நோய்ண்ணா. இனிமே தனியா வெளிய வுடக் கூடாது. கிளப்பு கட்.”

கிளப்பை விட்டால் அந்த மனுஷருக்கு வேறு என்ன இருக்கிறது? ஆனால் சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, “மண்ட கலங்கிகினே போவுது நைனா... பயமா கீது” என்றார்.

மறுநாளே அவரை டாக்டரிடம் கூட்டிப்போனோம். டாக்டரம்மா எடுத்த எடுப்பில் ஸ்கேன் எழுதுவார் என்று நினைத்தோம். அவரோ, “சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் காட்டுங்க” என்றார்.

சுகருக்கு, பிரஷருக்கு — சரி. மணலித் தொழிற்சாலைப் பக்கக் காற்றில் மூக்கு ஒழுகுகிறதென்று கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை. அப்புறம் சட்டைப் பையிலிருந்து, ரொம்ப வெட்கத்தோடு, இன்னும் இரண்டு அட்டை.

விஷயம் இதுதான். சித்தப்பாவுக்கு அடிக்கடி சிறுநீர் முட்டுகிறது. கிளப்பில் பாத்ரூம் கிடையாது. ஆட்டத்தின் நடுவில் எழுந்து ஓடினால் பசங்கள் கிண்டல் செய்கிறார்கள். யாருக்கும் சொல்லாமல் ஒரு டாக்டரிடம் போய் எழுதி வாங்கியது ஓர் அட்டை. இன்னொன்று?

“அது நம்ம தோஸ்து தாஸ் குட்ததும்மா. அவனுக்கும் அதே பேஜாரு. பவுடரு தீந்தா பக்கத்து போர்டுல வாங்கிக்கிறதில்ல? அந்த மாரி...”

பெயர்தான் வேறு. இரண்டும் ஒரே ரகம்!

“இந்த ரக மாத்திரை வயசானவங்களுக்கு மூளையையும் மந்தமாக்கலாம். நீங்க போடுற சளி மாத்திரையும் அதே வேலையைத்தான் பார்க்கும். மூணும் சேர்ந்தா என்ன ஆகும்?” என்றார் டாக்டரம்மா. மூன்றையும் நிறுத்தி, மூளையைத் தொந்தரவு செய்யும் வாய்ப்புக் குறைவான வேறொரு ரகம் எழுதினார். “இதுலயும் தெளியலைன்னா அப்புறம் டெஸ்ட் எடுப்போம்.”

ஒன்று கவனித்தீர்களா? நாம் சாவியைத் தொலைத்தால் டென்ஷன். பெரியவர்கள் தொலைத்தால்... வயசாயிடுச்சு! அதோடு விசாரணை முடிந்தது. சுகர் இருப்பதை ஊருக்கே சொல்கிறோம். சிறுநீர் விஷயத்தை மட்டும் கட்டின பெண்டாட்டியிடம்கூடச் சொல்வதில்லை. (இதைப் படித்த வேகத்தில் உங்கள் அப்பாவின் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் கேளுங்கள்.)

கொஞ்சம் கொஞ்சமாகச் சித்தப்பா தெளிந்தார். போன ஞாயிறு பாபுவையே எதிரில் உட்காரவைத்து, ஒரு காயின்கூடப் போட விடாமல் துவைத்து எடுத்தார். தோற்றுப்போன பாபுவுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். எனக்கும்தான்.

கிளம்பும்போது பாபு கிளப் சுவரில் சாக்பீஸால் எழுதினான்: ‘இங்கே மாத்திரை கைமாற்றக் கூடாது.’

நேற்று போய்ப் பார்த்தேன். கீழே சித்தப்பாவின் கையெழுத்து: ‘முட்டி வலி மாத்திரையுமா?’

மூளை தெளிந்துவிட்டது. ஆள் திருந்தியதாகத் தெரியவில்லை.