ஒரு கியருக்கு இரண்டு மிதி

மருத்துவமனைத் துணிகளை வெளுத்துத் தரும் சலவைக்கூடத்தில், நீராவி இஸ்திரி இயந்திரத்தின் முன் பத்தொன்பது ஆண்டுகள் நின்றவரை எல்லாரும் பிரஸ் அக்கா என்றே அழைத்தனர். அவ்வியந்திரத்துக்கு இரண்டு மிதிகள். இடக்காலால் மிதித்தால் சூடான தட்டு இறங்கித் துணியைக் கவ்வும். அந்தக் காலை முழுதும் எடுத்த பிறகு வலக்காலால் மிதித்தால் தட்டு எழும்பும். இரண்டையும் சேர்த்து மிதிக்கவே கூடாது.

சென்ற ஆண்டு முதல் நீராவி அவருடைய மூச்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவ்வேளையில், மலை மருத்துவமனைக்குத் துணி கொண்டு செல்லும் வேனின் ஓட்டுநர் ஓய்வு பெற்றார். அக்காவிடம் உரிமம் இருந்தது, பழக்கந்தான் இல்லை. வெள்ளிக்கிழமை ஓட்டிக் காட்டினால் வேன், இல்லையேல் மீண்டும் நீராவி என்றார் சலவைக்கூடப் பொறுப்பாளர்.

தம்பி தன் காரில் கற்றுக்கொடுத்தான். அக்கா கிளட்ச்சிலிருந்து இடக்காலை முழுதும் எடுத்த பிறகே ஆக்சிலரேட்டரில் வலக்காலை வைப்பார். கார் தவளையாய்த் துள்ளி நின்றுவிடும்.

"ஒரு கால் மேல வர வர இன்னொரு கால் கீழ போகணும்க்கா. இது காரு, இஸ்திரி மெஷின் இல்ல!"

நான்கு நாள்களில் கால்கள் ஒருவாறு பழைய பழக்கத்தை மறந்தன. வியாழனன்று சலவைக்கூடத்து மெக்கானிக் வேனைக் காட்டினார்.

"இதுல ரெண்டாவது கியர் தேஞ்சு போச்சும்மா. இறக்கத்துல மூணுலேருந்து ரெண்டுக்கு வரணும்னா கிளட்ச்சை மிதிச்சு நியூட்ரலுக்கு வாங்க. காலை எடுங்க. ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டுங்க. மறுபடி கிளட்ச், அப்புறம் ரெண்டு."

"ஒரு கியருக்கு ரெண்டு தடவையா? அப்போ என் தம்பி சொன்னது தப்பா?"

"அதுவும் சரிதாம்மா."

அக்காவுக்குத் தலை சுற்றியது. அன்று மாலை தம்பியைத் தொலைபேசியில் பிடித்தார்.

"ரெண்டும் சரிதான்க்கா. கார் வேற, வேன் வேற."

"எனக்குக் கால் ரெண்டே ரெண்டுதானேடா!"

வெள்ளியன்று பொறுப்பாளர் அருகில் அமர்ந்தார். மலையிறக்கத்தில், "ரெண்டுக்கு மாத்துங்க" என்றார். அக்கா தம்பி சொன்னபடி செய்தார், கியர் கிறீச்சிட்டது. மெக்கானிக் சொன்னதை வாய்க்குள் எண்ணியபடி செய்தார். எண்ணிக்கை தவறி மீண்டும் கிறீச்சிட்டது. வளைவில் திடீரென்று ஒரு பேருந்து எதிர்ப்பட்டது. எண்ணுவதற்கு நேரமில்லை. இடக்கால், வலக்கால், இடக்கால். கியர் ஓசையின்றி விழுந்தது.

"இப்போ என்ன பண்ணீங்க?"

"தெரியலையே சார். கால் பண்ணிடுச்சு."

"இன்னொரு தடவை பண்ணுங்க."

யோசித்துச் செய்தார். கிறீச்.

இரவுணவுக்கு வந்த தம்பி கேட்டான்: "பாஸா, ஃபெயிலா?"

"தெரியலைடா."

"அவரு என்னதான் சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை. கதவைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு வந்தாரு."

மறுநாள் காலை இஸ்திரி அறையின் பணிப்பட்டியலில் அவர் பெயர் இல்லை. வேன் பட்டியலில் இருந்தது. அதற்குக் கீழே, ஒரு வாரத்துக்கு, பொறுப்பாளரின் பெயரும் இருந்தது.

"என்மேல நம்பிக்கை இல்லையா சார்?"

"இருக்கு. அதான் கூட வரேன்."

"எப்படி சார் மாத்தணும்? தம்பி மாதிரியா, மெக்கானிக் மாதிரியா?"

"நேத்து வளைவுல பண்ணீங்களே, அது மாதிரி."

நேற்று என்ன செய்தோம் என்று யோசித்தவாறே அக்கா வண்டியில் ஏறினார்.