டெஸ்ட் ஃபைல் இருக்கு... டெஸ்ட் எங்கே?

திங்கட்கிழமையிலிருந்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார் மேல் என்கிறீர்களா? சொல்கிறேன்... கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எனக்குத்தான் அது இல்லை!

ஆரணியில் எங்கள் ஆபீஸ் செய்வது, பட்டுச்சேலை டிசைனைத் தறிக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும் சாஃப்ட்வேர். நாங்கள் எழுதும் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஜோடியாக ஒரு டெஸ்ட் ஃபைல் வேண்டும் — எழுதினது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க. அதைத் தேடி அலைய வேண்டாமே என்று கோட் எழுதும் எடிட்டரில் எக்ஸ்டென்ஷன் என்று ஒரு கூடுதல் வசதியைப் போட்டோம். ஷார்ட்கட்டைத் தட்டினால் ஜோடி ஃபைல் டக்கென்று திறக்கும். இல்லாவிட்டால்? மாதிரிக்கு ஒரு வரி போட்டு அதுவே புதுசாக உண்டாக்கிக் கொடுத்துவிடும்!

போன மாதம் நெசவாளர் ஏழுமலை போன் செய்தார். "சார், ஒரு சாண் நெய்ஞ்சிட்டேன். வலது பார்டர் மயிலு வெளிய பாத்துகினு நிக்குது. ரெண்டு பக்கமும் உள்ளதானே பாக்கணும்? நிறுத்திடட்டுமா?"

ஷார்ட்கட்டைத் தட்டினேன். பார்டருக்கான டெஸ்ட் ஃபைல் வந்து நின்றது. ஓட்டினேன். பச்சை டிக்! "எல்லாம் பாஸ் ஆயிருக்குண்ணே. டிசைனே அப்படித்தான் இருக்கும், நெய்ங்க" என்றேன்.

நெய்தார். முழுச் சேலையையும்!

திங்கட்கிழமை பட்டுக்கடையில் அதை விரித்துப் பார்த்த கடை முதலாளி, "கண்ண எங்கய்யா வெச்சிகினு நெய்ஞ்ச? இனிமே உனக்குப் பாவு கிடையாது" என்று சொல்லிவிட்டார். முதலாளி பாவு நூல் கொடுத்தால்தான் தறி ஓடும். இல்லையென்றால் ஏழுமலைக்கு வேலையே இல்லை.

அப்புறம்தான் அந்த டெஸ்ட் ஃபைலைப் படித்தேன். உள்ளே ஒரே ஒரு வரி — ஒன்றும் ஒன்றும் சமமா? அது எப்படிங்க ஃபெயில் ஆகும்?

எங்கள் டீம் பெஞ்சமினைப் பிடித்தேன். "என்னாய்யா இது?"

"எல்லா ஃபைலுக்கும் டெஸ்ட் ஃபைல் இருக்கணும்னு மேனேஜர் பேஜார் பண்ணிகினு இருந்தாரு சார். ஜல்தியா ஷார்ட்கட்ட தட்டித் தட்டி உண்டாக்கிட்டேன். அப்புறமா எழுதிக்கலாம்னு..."

அப்புறமாம்! மேனேஜரோ அதற்கு மேல். "டெஸ்ட் ஃபைல் எண்ணிக்கை சரியாத்தானே இருந்துச்சு?" என்கிறார். இரண்டு பேரையும் கிழி கிழியென்று கிழித்தேன். தொண்டை வலித்த பிறகு உறைத்தது... படிக்காமலே "நெய்ங்க" என்றது யார்? நான்தானே!

ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். "தப்பு எங்க சாஃப்ட்வேர்லதாங்க. இவரு அப்பவே போன் பண்ணிக் கேட்டாரு. நெய்ங்கன்னு சொன்னது நான்."

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாளைக்கு வந்து பாவு வாங்கிகினு போ" என்று ஏழுமலையிடம் சொன்னார்.

வெளியே வந்ததும் ஏழுமலை நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

"நான் கண்ணால பாத்துட்டு தப்புன்னேன். நீங்க எதப் பாத்து சார் சரின்னீங்க?"

ஃபைல் பேரைப் பார்த்து என்று எந்த வாயால் சொல்வேன்?