ஞானத்தாய்ப் பட்டியலில் டெல்ஃபா இல்லை

உருகிய கொக்கோ வெண்ணெயை அச்சின் பன்னிரண்டு குழிகளிலும் ஊற்றி முடிக்கும்வரை டெல்ஃபா மூச்சு விடுவதில்லை. விட்டால் மருந்தில் குமிழி விழுந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. பன்னிரண்டாவது குழி நிரம்பியதும் பெரிதாக ஒரு மூச்சு. அப்புறம் கையுறையோடு மூக்கைச் சொறியப் போய், பாதியில் ஞாபகம் வந்து, தோளில் தேய்த்துக்கொள்வாள்.

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில், ஹாரோ தேவாலயத்துக்குப் பின்தெருவில் இருக்கும் அவள் மருந்துக்கடையில் இருமல் மருந்தும் உண்டுதான். ஆனால் ஊருக்கு அவளைத் தெரிவது அந்தக் குச்சி மருந்தால். அடியிடுப்புத் தசை முறுக்கிக்கொண்டு, உட்காரவும் முடியாமல், புருஷனோடு சேரவும் முடியாமல் தவிக்கும் பெண்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுப்பது. மாத்திரையாக விழுங்கினால் நாள் முழுக்கத் தூங்கி வழிகிறவர்கள், அதே மருந்தைக் கீழ்வழியாக உள்ளே வைத்துக்கொள்வார்கள். "வலி கீழ இருக்கு, மருந்தை எதுக்கு வாய் வழியா ஊர் சுத்த விடணும்?" என்பாள் டெல்ஃபா.

கொக்கோ வெண்ணெய் சாக்லேட் போல மணக்கும். ஒரு வீட்டு மாமியார் குளிர்பெட்டியில் இருந்ததில் இரண்டை எடுத்துக் காலைச் சாக்லேட் பானத்தில் கலக்கிக் குடித்துவிட்டு, ஞாயிற்றுப் பூசை முழுக்கக் குறட்டை விட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு டப்பாவிலும் ‘தின்னாதே’ என்று சிவப்பு மையில் எழுதுகிறாள், அடியில் இரண்டு கோடு போட்டு.

குணமானவர்கள் சந்தையில் அவளைக் கண்டால் குனிந்து மீன் பார்ப்பார்கள். அவளோடு நின்று பேசினால் என்ன வியாதி என்று தெரிந்துபோகுமே. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். பொறுக்க முடியாதது மரிவிக். அடுத்த தெருவில் தசைப் பயிற்சி கொடுப்பவள். இதே பெண்கள்தான் அவளிடமும் போகிறார்கள். ஆனால் மரிவிக் கழுத்துவலி, முட்டிவலியும் பார்ப்பதால், அவளை நடுத்தெருவில் கட்டிப்பிடித்தாலும் யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. அவளுக்குக் கேக் வரும், பூ வரும். டெல்ஃபாவுக்கு வயிறு எரியும். "தசை இளகுறது என் மருந்துல. இவ மூச்சை இழு, மூச்சை விடுன்னு சொல்லிட்டுக் கேக் தின்னுக்கறா." எந்தக் கடைக் கேக், எத்தனை அடுக்கு என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

ஜோவெலின் விஷயத்தில்தான் பொறாமை முற்றியது. கல்யாணமாகி நாலு வருஷம், வலியால் பிள்ளைக்கே வழியில்லாதிருந்தவள். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஆறு மாதம் டெல்ஃபாவிடம் மருந்து வாங்கினாள், மரிவிக்கிடம் பயிற்சி செய்தாள். பெண் குழந்தை பிறந்தது. ஐம்பத்தாறு வயதில் டெல்ஃபாவுக்குச் சொந்தப் பிள்ளையும் இல்லை, ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாகப் பொறுப்பேற்று நின்ற ஞானப்பிள்ளையும் இல்லை. அவள் வயதுக்காரிகளுக்கு ஞானப்பிள்ளைகள் மட்டும் இருபது, முப்பது. இந்தக் குழந்தைக்காவது தன்னை ஞானத்தாயாக நிற்கச் சொல்வார்கள் என்று நம்பி நீலத்தில் ஓர் உடுப்பே தைத்துவிட்டாள். ஞானஸ்நான அழைப்பிதழில் ஒன்பது ஞானத்தாய்கள். முதல் பெயர் மரிவிக். டெல்ஃபாவின் பெயர் எங்குமே இல்லை.

ஞானஸ்நான ஞாயிறன்று, என்றும் திறக்காத கிழமையில், கடையைத் திறந்து மருந்து ஊற்றினாள். தேவாலய மணி அடித்தபோது நிமிர்ந்து பார்த்ததில் இரண்டு குழி வழிந்தது.

மத்தியானம் பின்கதவு தட்டப்பட்டது. ஜோவெலின், ஒரு கையில் குழந்தை, மறுகையில் மூடிய நூடுல்ஸ் தட்டு.

"உங்க பேரைப் போட்டா, அவங்களை எப்படித் தெரியும்னு மாமியார் தோண்டித் தோண்டிக் கேப்பாங்க அக்கா. எனக்குத் தைரியம் வரல."

டெல்ஃபா வழிந்ததைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். ஜோவெலின் தட்டை வைத்துவிட்டு, ஞானப்பிள்ளைகள் செய்வதுபோல, டெல்ஃபாவின் புறங்கையில் ஒற்றக் குழந்தையின் நெற்றியைக் கொண்டுபோனாள். டெல்ஃபா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"இவ நெத்தியை மரிவிக் கையில எவ்வளவு நேரம் வெச்சே?"

"போட்டோவுக்குத்தான் அக்கா. ரெண்டு நொடி இருக்கும்."

டெல்ஃபா கொஞ்சம் யோசித்தாள். கையுறையைக் கழற்றினாள். கையை மேலங்கியில் துடைத்து நீட்டினாள். குழந்தையின் நெற்றி புறங்கையில் பட்டதும் உதடு அசைய எண்ண ஆரம்பித்தவள், பன்னிரண்டு வரும்வரை மூச்சு விடவில்லை.