இருமலுக்கு ஒரு பெல்

கொரோனா ஊரடங்கில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று பெங்களூர் ஆபீசில் சொன்னபோது, விடியுமுன் ரயிலுக்கு ஓடும் பிழைப்பு ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டேன். சொன்ன புண்ணியவான்களுக்கு வீடு என்றால் தனி அறை, கதவு, மேஜை. தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் எங்களுக்கு இருப்பது, சுரங்கக் காலத்தில் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடு. ஒரே அறை, நடுவில் ஒரு தகரத் தடுப்பு. இந்தப் பக்கம் நானும் லேப்டாப்பும். அந்தப் பக்கம் நைனாவும் அவருடைய இருமலும்.

நைனா, என் அப்பா, பூமிக்கடியில் பாறை துளைத்தவர். சுரங்கத்தை மூடிவிட்டுப் போனவர்கள், அவர் நெஞ்சுக்குள் ஏறிய தூசியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். என் வேலையோ, இன்சூரன்ஸ் எடுத்தவர்களுக்குப் போனில் பதில் சொல்வது. பேசுவதைப் பதிவு செய்து கேட்பார்கள். பின்னால் சத்தம் கேட்டால் புகார். மூன்று புகார் வந்தால் வேலை போய்விடும். இருமலால் எனக்கு ஏற்கெனவே இரண்டு வந்திருந்தன. வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்திதான்.

வழி சொன்னது நைனாதான். "சுரங்க ஷாஃப்ட்ல ஆளுங்கள ஏத்தி எறக்குற கேஜ நிறுத்த ஒரு பெல் அடிப்பாங்கம்மா. போன் வந்தா நீயும் தகரத்துல ஒரு தட்டு தட்டு, கம்முனு இருக்கேன். முடிஞ்சதும் ரெண்டு தட்டு."

முதல் நாள் தட்டும்போது கூசியது. ஒரே வாரத்தில் பழகிவிட்டது. நான் தட்டியதும் அவர் வாயில் துண்டை அழுத்திக்கொள்வார். இரண்டு தட்டு விழுந்த பிறகுதான் அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வரும். நல்ல ஏற்பாடு என்று நான் மெச்சிக்கொண்டதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒருநாள் மதியம், ஆஸ்பத்திரியில் கணவனைச் சேர்த்திருந்த ஒரு பெண் போனில் அழுதுகொண்டே இருந்தாள். அவளுக்கு ஆறுதல் சொல்லிப் போனை வைத்தால், உடனே மீட்டிங். அதுவும் முடிந்து தேநீரோடு அந்தப் பக்கம் போனேன். நைனா வாயில் திணித்த துண்டோடு சுவரில் சாய்ந்திருந்தார். கண்கள் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, உடம்பு உதறிக்கொண்டிருந்தது. துண்டைப் பிடுங்கினேன். மூச்சு சீராக வெகுநேரம் ஆனது.

"போன் முடிஞ்சி எம்மா நேரமாச்சி! இன்னாத்துக்கு நைனா இப்டி?" என்று கத்தினேன். தப்பு என்னுடையது, கத்தல் அவர்மேல்.

"நீ ரெண்டு தட்டலியேம்மா."

பெல் வராமல் ஒருவன் அசைந்தால் இன்னொருவன் உயிர் போகும் என்று பழகிய மனுஷன். மறந்துபோயிருப்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"இனிமே தட்ட மாட்டேன். இருமல் வந்தா நல்லா இருமு நைனா."

"அப்போ வேலை போயிடாதா?"

அதற்குள் அடுத்த போன் வந்தது. நான் தட்டவில்லை. அவரே துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். நான் தடுக்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "வணக்கம், உங்களுக்கு எப்படி உதவட்டும்?" என்றேன்.