ஓடையிலிருந்து திரும்பியபோது இருபத்தேழு பேர்

பி.எட். இரண்டாம் ஆண்டில் கற்பித்தல் பயிற்சிக்காக எனக்குக் கிடைத்த பள்ளி கல்வராயன் மலையில் இருந்தது. வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, அங்கிருந்து வேனில் இன்னும் உள்ளே போக வேண்டும். எட்டாம் வகுப்பு வரை உள்ள அரசுப் பள்ளி. கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் செருப்புக்கடை வைத்திருக்கும் என் அத்தாவுக்கு இதில் சம்மதமே இல்லை. கீழே இத்தனை பள்ளிக்கூடம் இருக்கும்போது மலைக்கு ஏன் அனுப்புகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வெள்ளிமலையில் இன்னொரு பயிற்சி மாணவியோடு அறை எடுத்துத் தங்குகிறேன் என்று சமாதானம் சொல்லித்தான் கிளம்பினேன்.

முதல் இரண்டு வாரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கவனிப்பதிலேயே போயிற்று. பிள்ளைகளின் பின்னந்தலைகளும் சடைகளும்தான் எனக்குப் பழக்கமாயின. மூன்றாவது வாரம் என் வழிகாட்டி ஆசிரியைக்குக் கள்ளக்குறிச்சியில் ஐந்து நாள் பயிற்சி வகுப்பு வந்தது. ஏழாம் வகுப்புக்கு அவர்தான் வகுப்பாசிரியை. போகும்போது வருகைப் பதிவேட்டை என்னிடம் கொடுத்து, காலையில் அட்டெண்டன்ஸ் எடுத்துத் தலைமையாசிரியர் மேசையில் வைத்துவிடு, ஆன்லைனில் ஏற்றுவதை அவர் பார்த்துக்கொள்வார் என்றார். இருபத்தெட்டுப் பிள்ளைகள். முதன்முதலாக ஒரு வகுப்பு முழுசாக என் கைக்கு வந்தது.

அந்த வாரம் முழுக்க எனக்குப் பயம்தான். இரவெல்லாம் பாடத்திட்டம் எழுதுவேன், சார்ட் வரைவேன். காலையில் பெயர் கூப்பிடும்போது என் கண் பதிவேட்டை விட்டு எழாது. கட்டம் மாறிவிடக் கூடாது, அடித்தல் திருத்தல் வந்துவிடக் கூடாது என்பதுதான் கவலை. பெயரைப் படிப்பேன், "உள்ளேன் டீச்சர்" என்று குரல் வரும், குறிப்பேன். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு. மழைக்காலத்திலும் ஒரு பிள்ளைகூட விடுப்பு எடுக்கவில்லையே என்று எனக்குப் பெருமை வேறு.

வியாழக்கிழமை பாசிகளைப் பற்றிய பாடம். சார்ட்டில் காட்டுவதைவிட நேரிலேயே காட்டிவிடலாம் என்று தோன்றியது. பள்ளிக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ஓடை இருந்தது. அனுமதி கேட்கப் போனபோது தலைமையாசிரியர், சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான கொடிமரத்துக்குப் பக்கத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். ஓடைக்குக் கூட்டிப் போகட்டுமா சார் என்றேன். தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்கா, போனில் பேசியவருக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் மழை பெய்து விட்டிருந்தது. தண்ணீர் கலங்கலாக ஓடியது. பெரிய பாறைக்குக் கீழே மட்டும் தேங்கி, மடுவாகக் கறுத்துக் கிடந்தது. அந்தப் பக்கம் போகக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பிள்ளைகள் கல்லில் படிந்த பாசியைச் சுரண்டி பாட்டிலில் போட்டார்கள், வழுக்கி விழுந்து சிரித்தார்கள். நான் கேள்வி கேட்க, போட்டி போட்டுக்கொண்டு பதில் சொன்னார்கள். டீச்சராகிவிட்டேன் என்று நினைத்த முதல் ஒரு மணி நேரம் அதுதான்.

போகும்போது எண்ணவில்லை. பள்ளி கேட்டுக்குள் நுழையும்போதுதான் எண்ணினேன். இருபத்தேழு வந்தது.

மறுபடி எண்ணினேன். இருபத்தேழு. வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணினேன். அப்போதும் இருபத்தேழுதான். உள்ளே ஓடிப்போய்ப் பதிவேட்டை எடுத்து வந்து பெயர் கூப்பிட்டேன். பத்தொன்பதாவது பெயருக்குக் குரல் வரவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியாக அவளைப் பார்த்தது யார் என்று கேட்டேன். பிறகு பின்வரிசையில் உட்காரும் ஒரு பெண், அவளுடைய கூட்டாளி என்று எல்லோரும் சொன்னவள், தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"பாறைகிட்ட நின்னுக்கினு இருந்தா டீச்சர்."

அதற்கப்புறம் நான் யாரிடம் என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. தலைமையாசிரியர் பாடம் எடுத்துக்கொண்டிருந்த எட்டாம் வகுப்பு வாசலில் நின்று ஏதோ கத்தியிருக்கிறேன். பிறகு ஓடைக்கு ஓடினேன். செருப்பு வழியிலேயே கழன்று போனது. பாறையில் ஏறி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். தண்ணீர் இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இல்லை. மடுவை உற்று உற்றுப் பார்த்தேன். ஏதாவது தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் கண்ணை எடுக்கவும் செய்தேன்.

சற்று நேரத்தில் தலைமையாசிரியரும், பின்னாலேயே ஊர்க்காரர்கள் நான்கைந்து பேரும் வந்தார்கள். மற்றப் பிள்ளைகளை வகுப்பில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்திருந்தார். மணலூர்பேட்டைக்காரர் அவர். அதுவரை என்னிடம் குரல் உயர்த்தாதவர்.

"யாரைக் கேட்டும்மா நீ இங்க இட்டுக்கினு வந்த?" என்றார்.

உங்களைத்தான் கேட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த நேரத்தில் அதற்கு என்ன அர்த்தம்?

இருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மடுவில் இறங்கினார்கள். மார்பளவுக்கு வந்தது தண்ணீர். தண்ணி கம்மிதான், அடியில சேறுதான் ஜாஸ்தி என்றார் ஒருவர். ஒருவர் நீண்ட மூங்கிலால் அடியைக் குத்திப் பார்த்துக்கொண்டே நகர, மற்றவர் மூச்சுப் பிடித்து முங்கினார். அவர் தலை உள்ளே போகும்போதெல்லாம் என் மூச்சும் நின்றது. வெளியே வந்து இல்லை என்று தலையாட்டுவார். வேண்டிக்கொள்ள எனக்குத் தெரிந்த துஆக்களெல்லாம் பாதிப் பாதியாக வாயில் வந்தன. எதையும் என்னால் முடிக்க முடியவில்லை.

கீழே நாணல் பக்கம் போனவர் ஒரு செருப்போடு வந்தார். நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. சின்ன அளவு. அந்தப் பிள்ளையுடையதா பாரு என்று தலைமையாசிரியர் அதை என்னிடம் நீட்டினார்.

நான் செருப்புக்கடைக்காரர் மகள். யாரைப் பார்த்தாலும் முதலில் காலைப் பார்ப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அந்தச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவள் காலில் என்ன போட்டிருந்தாள் என்று யோசித்தேன். வரவில்லை. சரி, பாவாடையா சுடிதாரா, ஒற்றைச் சடையா ரெட்டைச் சடையா என்று யோசித்தேன். அதுவும் வரவில்லை. கடைசியில்தான் தெரிந்தது, அவள் முகமே எனக்கு நினைவில் இல்லை. நான்கு நாளாகப் பெயர் கூப்பிட்டு, நான்கு நாளாகக் குறித்திருக்கிறேன். தண்ணீரிலிருந்து அவளைத் தூக்கி வந்து போட்டாலும் அவள்தான் என்று என்னால் சொல்ல முடியாது.

தெரியலை சார் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது எழுதும்போதும் தாங்க முடியவில்லை.

சோறு போடும் வேலையை முடித்துவிட்டு, சத்துணவு சமைக்கும் அக்கா ஓடைக்கு வந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, எந்தப் பிள்ளை என்று கேட்டார். தலைமையாசிரியர் பெயரைச் சொன்னார். அந்த அக்கா ஒன்றும் புரியாதவர்போல எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு திங்கக்கெழமையிலேர்ந்து சோத்துக்கே வரலையேங்க. தெனம் ஒரு முட்டை மிஞ்சுது. யாரோ முட்டை துன்றதில்ல போலன்னு இருந்தேன்."

மடுவில் நின்றவர் மூங்கிலைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அவள் அப்பா வண்டி மழையில் சறுக்கிக் கால் ஒடிந்துவிட்டதாகவும், அவரைக் கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும், அம்மா கூட இருப்பதாகவும் அந்த அக்கா சொன்னார். பிள்ளை வீட்டில்தான் இருக்க வேண்டும் என்றார்.

தண்ணீரில் இருந்தவர்கள் மேலே ஏறி லுங்கியைப் பிழிந்தார்கள். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலைமையாசிரியர் பாறையில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

கண்ணால் பார்க்காமல் என்னால் அங்கிருந்து போக முடியாது என்று சொன்னேன். அந்த அக்கா கூட வந்தார். மரவள்ளிக் கொல்லைகள் வழியாக முக்கால் மணி நேரம் நடை. போகிற வழியெல்லாம், ஒருவேளை அங்கேயும் இல்லாவிட்டால் என்ற ஒரே நினைப்புத்தான். ஓட்டு வீட்டு வாசலில் ஒரு பெண் இரண்டு வயதுக் குழந்தையை மடியில் வைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குழந்தையோடு எழுந்து நின்றாள். மாநிறம். வலது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. ஒற்றைச் சடை.

"பேரை எடுத்துடாதீங்க டீச்சர். அம்மா வந்ததும் வந்துடறேன்" என்றாள்.

நிறைய நாள் வராவிட்டால் பள்ளியில் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் கூட்டாளியிடம், நான் வரும்வரை எனக்கும் சேர்த்துக் குரல் கொடு என்று கேட்டிருக்கிறாள். அவளும் குரலை மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறாள், மற்றப் பிள்ளைகளும் காட்டிக்கொடுக்கவில்லை. பெயரை எடுக்க மாட்டோம் என்று சொன்னேன். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் தலைமையாசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கோபம் அடங்கியிருந்தது. பதிவேட்டை இரண்டு பேருக்கும் நடுவில் மேசைமேல் வைத்தார். நான்கு நாள் வருகை ஏற்கெனவே ஆன்லைனில் ஏறிவிட்டது, இப்போது திருத்தினால் விளக்கம் கேட்பார்கள், முதலில் அவரைத்தான் கேட்பார்கள் என்றார். ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருப்பதைச் சொன்னார். உனக்கும் மார்க் போய்விடும் என்றார். பிள்ளை பத்திரமாகக் கிடைத்துவிட்டாள், நாளையிலிருந்து சரியாகப் போடு, பழையதை விட்டுவிடு என்றார். நான் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பொய் சொன்ன அந்தக் கூட்டாளிப் பெண் மறுநாள் வரவில்லை. திங்கட்கிழமைதான் வந்தாள். இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டேன். திட்டக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். ஓடைக்கரையில் எல்லோரும் தேடிக்கொண்டிருப்பது தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன். ஹெச்.எம். சார் கத்துவார் என்று பயமாக இருந்தது என்றாள். அப்புறம் அழுதாள். அழுகைக்கு நடுவில் இன்னொன்றும் சொன்னாள்.

"நீங்க நிமிந்தே பாக்கல டீச்சர். உங்களுக்கும் தெரியும், தெரியாத மாரி இருக்கீங்கன்னு நெனச்சேன்."

அன்று மதியம் எங்கள் கல்லூரிப் பேராசிரியை என் வகுப்பைப் பார்வையிட வந்தார். பாடம் முடிந்து, நன்றாக எடுத்தாய் என்று அவர் எழுத ஆரம்பித்தபோது நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டும் என்று திட்டமிட்டிருக்கவில்லை. அந்தப் பெண் காலையில் சொன்னது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. பேராசிரியை பேனாவை மூடிவிட்டுக் கடைசிவரை கேட்டார். பிறகு ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, இப்போது சொன்னதை உன் கையெழுத்தில் எழுது என்றார்.

நான்கு நாளும் பதிவேட்டில் சிவப்பு மையால் திருத்தப்பட்டன. தலைமையாசிரியரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அவரும் எழுதிக் கொடுத்தார். அதோடு அது முடிந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்குப் பயிற்சியில் மதிப்பெண் குறைந்தது. கூடுதலாக இரண்டு வாரம் திருநாவலூர் பக்கம் ஒரு பள்ளியில் போய் முடிக்கச் சொன்னார்கள். வராமலிருந்த பெண்ணின் அம்மா பத்து நாளில் ஊர் திரும்பினார். மறுநாளே அவள் வகுப்புக்கு வந்துவிட்டாள். விட்டுப்போன பாடங்களை மதிய இடைவேளையில் உட்கார்ந்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கணக்கில் கெட்டிக்காரி.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு தலைமையாசிரியர் என்னிடம் பேசவில்லை. வணக்கம் சொன்னால் தலையசைப்பார், அவ்வளவுதான். கடைசி நாள் பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்து வாங்கப் போனேன். கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, மை காயும்வரை தாளைத் தன் பக்கமே வைத்திருந்தார்.

"நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லலம்மா. சொல்லப் போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி இருக்கலாம்" என்றார்.

அவர் சொன்னது சரி. அந்த வியாழக்கிழமை சாயங்காலமே, அந்த மேசைக்கு எதிரில் உட்கார்ந்து நான் சொல்லியிருக்க வேண்டியது அது. மன்னிச்சுடுங்க சார் என்றேன். அவர் சான்றிதழை என் பக்கம் நகர்த்திவிட்டு, வேன் போயிடும், கிளம்பு என்றார்.