வாப்பாவின் சாடை

எதிர்க்காற்றில், நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போது இடது தாடை வலித்தது. பல்வலி என்று கராம்பு கடித்தேன். மூன்று வாரம் கடித்தேன். நின்றால் போகும், நடந்தால் வரும் பல்வலி எங்கேயாவது உண்டா? அதை யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. நெஞ்சின் வலி தாடையிலும் காட்டும் என்று பிறகுதான் தெரிந்தது.

சிலாபத்து கிளினிக்கில் இ.சி.ஜி. (இதயத்தின் மின்னோட்டத்தைக் கோடாக வரையும் சோதனை) பெரிய பிழை காட்டவில்லை. இரத்தத்தில் சீனி எல்லையில் நின்றது. மாத்திரை தந்தார்கள். டொக்டர் யாழ்ப்பாணப் பக்கத்து மனிதர். ஆய்வொன்றுக்கு இரத்தம் கொடுக்க விருப்பமா என்று கேட்டார், ஓம் என்றேன். ஆர்.என்.ஏ. (மரபணுவைப் பார்த்து உடல் எழுதிக்கொள்ளும் பிரதி) துணுக்குகள் சில இரத்தத்தில் திரியுமாம். இதய நோயும் நீரிழிவும் வரப்போவதை அவை முன்கூட்டியே சொல்லுமா என்று பார்க்கிறார்களாம்.

மாதங்கள் கழித்துக் கூப்பிட்டு, முடிவுத் தாளொன்றைத் தந்தார்.

"சில அடையாளங்கள் சாடையாக் கூட."

"அதுக்கு மருந்து?"

"இதை மட்டும் வெச்சு எழுதேலாது. இன்னும் ஆராய்ச்சிதான். தந்த குளிசையை விடாதேங்கோ. நடவுங்கோ."

கற்பிட்டி பஸ்ஸில் அந்தத் தாளை நாலாக மடித்தேன், விரித்தேன். பாலாவி உப்பளத்தில் உப்பு வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. என் உடம்பு எனக்குத் தெரியாமல் எழுதிவைத்ததை வேறு யாரோ வாசித்துவிட்டார்கள்.

வீட்டில் ராத்தா, என் மூத்த சகோதரி, வந்திருந்தா.

"என்னவாம்?"

"ரத்தத்தில சாடையாக் கூடவாம்."

"வாப்பாட சாடையா? அதைச் சொல்லவா சிலாபத்துக்குக் கூப்பிட்டாங்க? நான் இங்கயே சொல்லீப்பேனே. அந்த மூக்கப் பாத்தா தெரியாதா?"

'கொஞ்சம் கூடுதல்' என்ற பொருளில் டொக்டர் சொன்ன 'சாடை'யை ராத்தா முகச்சாயலாக எடுத்துவிட்டா. எல்லோரும் சிரித்தோம். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் வாப்பா ஐம்பத்திரண்டு வயதில், கருவாடு காயவைக்கும் வாடியில், பாதி குடித்த பிளேன்டீயோடு சரிந்தார். எனக்கு நாற்பத்தொன்பது.

சீனியில்லாத தேத்தண்ணியை வைத்த மகள் அலுமாரிக் கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டாள்: "அப்ப எனக்கு உங்கட சாடைதானே, வாப்பா?"

பத்தொன்பது வயது. அடுத்த முறை டொக்டரிடம் கேட்டேன். அவளுக்கு இப்போது அந்தச் சோதனை எதையும் தீர்த்துச் சொல்லாது என்றார்.

இப்படியொரு தாள் உங்கள் கையிலும் இருந்தால், அது நோயென்று சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. தாடை வலித்தால் மட்டும் என்னைப் போலக் கராம்பு கடித்துக்கொண்டிராதீர்கள். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது.

முன்பு வருடங்களாக எண்ணிய ஆயுளை இப்போது அடிகளாக எண்ணுகிறேன். மின்கம்பம் வரை. அடுத்த மின்கம்பம் வரை. நெஞ்சு என்பது சட்டைக்குள் நான் சுமந்து போகும், உறங்கும் பிறத்தியார் பிள்ளை.

மாலையில், அஸர் தொழுகைக்குப் பிறகு கடற்கரையில் நடக்கிறேன். மகளும் வருகிறாள். இடது காலைச் சற்று வெளியே எறிந்து நடப்பாள். என் நடை, வாப்பாவின் நடை. நான் என் இடது காலை நேராக வைத்துப் பார்க்கிறேன்.

பக்கத்தில் அவளும் நேராக வைக்கிறாள்.